நெவுசா வீட்டைக் காலி செய்த வாரம்

ஜப்பானில் ஹமாமட்சு நகரத்தில் வேலை பார்க்கும் பிரேசில்காரர்கள் ஊருக்குத் திரும்புவதென்றால் முதல் காரியம் வீட்டுச் சாமான்களைப் போட்டோ பிடித்து செல்போன் குழுவில் போடுவதுதான். 'ஊருக்குப் போகிறோம், எல்லாம் விற்பனைக்கு' என்று எழுதி, நாலு அழுமூஞ்சிப் படங்களையும் சேர்ப்பார்கள். இத்தனை காலமும் வாங்குகிற பக்கமே இருந்த நெவுசா டொகுனாகா, ஐம்பத்து நாலாவது வயதில் முதல் தடவையாக விற்கிற பக்கம் வந்தாள். வந்த பிறகுதான், வாங்குகிற பக்கத்தில் ஆளே இல்லை என்பது தெரிந்தது. போனவர்கள் எல்லோரும் விட்டுப்போனது இருப்பவர்கள் வீட்டில் நிறைந்து கிடந்தது.

புருஷன் ஓஸ்மார் ஆறு மாதம் முன்னாலேயே பிரேசிலில் சொந்த ஊரான லொந்த்ரினாவுக்குப் போய்விட்டான். அங்கிருந்து தினம் போனில் யோசனை வரும்.

"அடிமாட்டு விலைக்குக் குடுத்துடாத. நல்லா எடுத்துச் சொல்லு. ஜப்பான் சாமான்டி அது!"

"இங்க எல்லாமே ஜப்பான் சாமான்தான் ஓஸ்மார்."

பழைய சாமான் கடைக்காரன் வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றி நேராக அடுக்கிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, பிரிட்ஜின் முதுகில் ஒட்டியிருந்த வருஷத்தைப் படித்தான். வாஷிங் மெஷினுடையதையும் படித்தான். பத்து வருஷம் தாண்டியதை எடுப்பதில்லை என்றும், எடுக்கத்தான் வேண்டுமென்றால் அவள்தான் பணம் கட்ட வேண்டும் என்றும் மிக மரியாதையாகச் சொன்னான். மூன்று தடவை குனிந்து வணங்கிவிட்டு, நாற்காலிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போனான். நகராட்சிக்குப் போன் செய்தால், பெரிய குப்பைக்கு அடுத்த முறை இருபத்து மூன்றாம் தேதி என்றார்கள். நெவுசாவின் விமானம் வெள்ளிக்கிழமை, பதினோராம் தேதி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடியிருப்பு அலுவலகத்து ஆள் சாவி வாங்க வருவார். அதற்குள் வீட்டில் ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது. இருந்தால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரைப் பிடிப்பார்கள். போட்டிருந்தவள் இவொனெச்சி. சாப்பாட்டு டப்பா கம்பெனியில் பதினேழு வருஷமும் நெவுசாவுக்குப் பக்கத்தில் நின்று முட்டை வைத்தவள். நாலாவது மாடிக்கு முட்டிவலியோடு ஏறி இறங்கும் அவள், தரைத்தள வீடு கேட்டு அதே அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தாள். அவள் பெயரில் ஒரு புகார் விழுந்தாலும் அந்த மனு குப்பைக்குப் போகும்.

"என் முட்டிய உன் பிரிட்ஜ்கிட்ட அடகு வச்சிருக்கேன். ஞாபகம் வச்சுக்கோ," என்றாள் இவொனெச்சி.

"விக்கலேன்னா சும்மா குடுத்துடறேன்டி."

"சும்மான்னு குழுவுல போட்டா ஒருத்தன் வரமாட்டான். எல்லாம் ஓட்டையா இருக்கும்னு நினைப்பான்."

அதனால் நெவுசா தன் மாடிப்படியைச் சேர்ந்த ஜப்பானியர் வீடுகளின் கதவைத் தட்டினாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. இரண்டாவது மாடியில் ஹமகூச்சி அம்மாள், தனிக்கட்டை, குப்பை முறைப் பட்டியலுக்குப் பொறுப்பாளி. 'பாட்டிலோடு மூடியைப் போடாதீர்கள்' என்பதைத் தவிர அந்த அம்மாள் நெவுசாவிடம் வேறு பேசியதில்லை. எதிர்வீட்டில் டாக்ஸி ஓட்டி ஓய்ந்த ஒகசவாரா. தரைத்தளத்தில் கைக்குழந்தையோடு சுகியாமா தம்பதி.

ஓஸ்மார் சொன்னபடி நெவுசா நன்றாகவே எடுத்துச் சொன்னாள். வேக்குவம் கிளீனர் புதுசு மாதிரி, இந்த மாடல் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அடியில் ஹீட்டர் வைத்த குட்டை மேசை நல்ல கட்டை, என்ன விலை தெரியுமா? குக்கர் சோற்றுக்கு ஈடே கிடையாது. மூன்று வீட்டாரும் பதறிப் போய், இவ்வளவு உசத்தியானதைச் சும்மாவா கொடுக்கிறீர்கள் என்று குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று சாமான் ஒழிந்தது என்று நெவுசா நிம்மதியாக உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மணி அடித்தது. ஹமகூச்சி அம்மாள் கடைத்தாள் சுற்றிய பெரிய பெட்டியோடு நின்றாள். உள்ளே கனமான கம்பளி. மத்தியானம் ஒகசவாரா இரண்டு பெட்டி ஆரஞ்சு கொண்டுவந்து இறக்கினார். சாயங்காலம் சுகியாமாவின் மனைவி பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டு கிண்ணம்.

வாங்கியதில் பாதி மதிப்புக்காவது திருப்பிச் செய்வது அந்த ஊர் வழக்கம். நெவுசாவுக்கும் தெரியாததல்ல. ஆனால் அதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான், பழைய வேக்குவம் கிளீனருக்கு ஏது என்று இருந்துவிட்டாள். அவள் எவ்வளவு ஏற்றிச் சொன்னாளோ அவ்வளவுக்குப் பாதி வந்துவிட்டது. ஊருக்குப் போகிறவள் என்பதால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடவில்லை.

வெறுங்கையோடு வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு, அவள் இஸ்திரிப் பெட்டியையும் மின்விசிறியையும் டோஸ்டரையும் அவர்களுக்குக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் அவற்றையும் புகழ்ந்தாள். புதன்கிழமைக்குள் கூடத்தில் ஒன்பது பெட்டிகள் நின்றன. பிரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது.

பார்க்க வந்த இவொனெச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி, காலி பண்றியா, குடி வர்றியா?"

நெவுசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தா காலத்தில் ஜப்பானிலிருந்து பிரேசிலுக்குப் போன குடும்பம் அவளுடையது. அங்கே இருந்தவரை அவளை 'ஜப்பான்காரி' என்றார்கள், இங்கே வந்தபின் 'பிரேசில்காரி' என்றார்கள். இரண்டு பட்டமும் இருந்தும் இரண்டு ஊர் வழக்கமும் சரியாகக் கைக்கு வரவில்லையே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

வியாழன் காலை ஹமகூச்சி அம்மாள் இன்னொரு பெட்டியோடு படியேறி வருவதைப் பார்த்ததும் நெவுசா வெட்கத்தை விட்டுவிட்டாள்.

"வேண்டாங்க! தயவுசெஞ்சு இனி எதுவும் கொண்டு வராதீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வீடு காலியா இருக்கணும். இல்லாட்டி என் சிநேகிதிக்குக் கெட்ட பேராயிடும். நான் குடுத்ததெல்லாம் தள்ளிவிடத்தான் குடுத்தேன். அந்த வேக்குவம் கிளீனர் சரியா இழுக்காது. குக்கர் அடிப்பிடிக்கும்."

"தெரியும்," என்றாள் அந்த அம்மாள். "நேத்து போட்டுப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு இஸ்திரிப் பெட்டிக்கும் செய்யறீங்க?"

"உசத்தின்னு சொன்னீங்களே. உசத்தின்னு குடுத்தா சீர்தான். சீருக்குப் பதில் செய்யாம இருக்க முடியுமா?" பெட்டியைக் கீழே வைத்தாள். "குப்பைன்னு சொல்லியிருக்கணும். 'ஒரே தொல்லையா இருக்கு, எடுத்துட்டுப் போய் உதவி பண்ணுங்க'ன்னு கேட்டிருந்தா அது உதவி. உதவிக்கு நாங்க எதுக்குத் திருப்பிச் செய்யணும்? நீங்கதான் செய்யணும்."

நெவுசா கூடத்தில் நின்ற ஒன்பது பெட்டிகளையும் திரும்பிப் பார்த்தாள்.

"பதினேழு வருஷமா உங்க வீட்டுல எதுவும் கெட்டுப்போச்சுன்னு வந்து நின்னதில்ல. ஒரு பல்பு மாத்தணும்னுகூடக் கேட்டதில்ல. இவங்களுக்கு யாரும் வேண்டாம் போலன்னு நாங்களும் இருந்துட்டோம்," என்றாள் அந்த அம்மாள், குப்பை விதியைச் சொல்லும் அதே குரலில்.

அன்று மத்தியானம் நெவுசாவும் இவொனெச்சியும் மறுபடியும் கதவுகளைத் தட்டினார்கள். தன் வீட்டுச் சாமான்களைத் தன் வாயாலேயே திட்டுவது நெவுசாவுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வீட்டில் பழகிவிட்டது. "இந்த வாஷிங் மெஷின் குதிக்கும், பாத்ரூமையே சுத்தி வரும்" என்று கெஞ்சினாள். சுகியாமா முகம் மலர்ந்து, தன் தம்பி அறைக்கு ஆகும் என்று தூக்கிக்கொண்டான். ஒகசவாரா அலமாரியை எடுத்தார். அடுத்த படிக்கட்டுக்காரர்கள்கூட, யாரோ கஷ்டத்தில் இருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். பிரிட்ஜுக்கு ஹமகூச்சி அம்மாளே பொறுப்பேற்றாள். பழைய பிரிட்ஜ் எடுக்கிற ஆட்களைத் தன் பெயரில் வரச் சொல்வதாகவும், அவர்கள் வரும்வரை தன் வீட்டில் நிற்கட்டும் என்றும் சொன்னாள்.

உதவி செய்தவர்களுக்குச் செய்ய வேண்டுமே. ஒகசவாராவின் ஆரஞ்சு அடுத்த படிக்கட்டுக்குப் போனது. தட்டுகள் ஒகசவாராவுக்கு, கம்பளி சுகியாமா குழந்தைக்கு. எது யார் கொடுத்தது என்று மாறிப்போகாமல் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டியாக அனுப்பினாள் இவொனெச்சி.

வெள்ளிக்கிழமை பத்துக்குச் சரியாக ஆள் வந்தார். ஒவ்வொரு அலமாரியையும் திறந்தார், குனிந்து பாத்ரூம் மூலையைப் பார்த்தார், தாளில் குறியிட்டார். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் 'பொறுப்பு முடிந்தது' என்று முத்திரை குத்தியதை இவொனெச்சி எட்டிப் பார்த்தாள், திருப்தி வராமல் தாளை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

ஆள் போனதும் ஹமகூச்சி அம்மாள் தட்டில் மூன்று கோப்பை டீயோடு வந்தாள். அவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உட்கார ஒரு திண்டுகூட இல்லை. நின்றுகொண்டே குடித்தாள்.

"உங்க பிரிட்ஜையும் போட்டுப் பாத்தேன். ராத்திரி பூரா உறுமுது. எப்பவும் அப்படியா?"

நல்ல கம்பெனி, அப்படித்தான் இருக்கும், உள்ளே ஐஸ் கட்டவே கட்டாது என்று நெவுசாவின் வாயில் வந்துவிட்டது. டீயோடு அதை விழுங்கினாள்.

"எப்பவும் அப்படித்தாங்க. ஒழியாத சனியன்."

ஹமகூச்சி அம்மாள் பல் தெரியச் சிரித்தாள்.