தங்கச்சியின் உதட்டுக்கு ஐஸ்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு மீன் கம்பனியில் ஐஸ் உடைப்பவன் நான். தங்கச்சி கணக்காளர் பரீட்சை பாஸ் பண்ணியதும் கொழும்பில் வேலை கிடைத்தது. அங்கே தனியாக என்ன ஆவாளோ என்று எனக்கு நித்திரையே இல்லை. அவளைக் கேட்காமலே, எங்கள் கம்பனியிலேயே கணக்கு வேலைக்கு வருவாள் என்று என் முதலாளியிடம் ஓம் சொல்லிவிட்டேன்.

"அவர் ஆக்களுக்கு அடிக்கிறவராம். நான் வரமாட்டன், அண்ணா."

அறைந்தேன். அவள் உதடு வெடித்தது.

மறுநாள் வீங்கிய உதட்டோடு என்னுடன் முதலாளியின் கந்தோருக்கு வந்தாள். நாங்கள் நிற்கும்போதே, பைல் கொண்டுவரப் பிந்தியதென்று முதலாளி கிளாக்கரின் நெற்றியில் தேநீர்க் கோப்பையால் அடித்தார். இரத்தம் சட்டையில் வடிந்தது. யாரும் சொல்லாமலே ஓடிப்போய், துணியில் ஐஸ் சுற்றிவந்து காயத்தில் வைத்தேன்.

தங்கச்சி என் கையையே பார்த்தாள். "நல்லாப் பழகிட்டீங்கள். உங்களுக்கும் அடிச்சவரோ?"

"ரெண்டு தரந்தான்."

"எனக்கு அடிக்கவும் இங்கதான் படிச்சனீங்களோ?"

மிச்ச ஐஸை அவள் உதட்டுக்கு நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

அன்று மத்தியானமே அவளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன். இப்போதும் அவளை நினைத்துக் கவலைதான். ஆனாலும் அடிக்கிற கைகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாள். அவற்றில் ஒன்று என்னுடையது.