காலியாக இருந்த எண்

மேலாளர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். கருக்களாச்சேரிப் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம் பாதியில் நின்றதும், ஊர்க் கூட்டத்தில் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு எழுதுனதுலதாங்க கோளாறு" என்றீர்கள்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கறுப்புத் திரையில், பிழை தேட உதவும் டீபக்கரைத் திறந்து, புரோகிராமை வரிவரியாக நிறுத்தி ஓட்டினேன். பட்டியலில் ஒரு படகின் முறை வந்ததும் புரோகிராம் நின்றுபோனது. அந்தப் படகின் உரிமையாளர் துபாயில் இருக்கிறார். அவருடைய கைபேசி எண் இருக்க வேண்டிய இடம் காலி. காலி எண்ணைத் தாண்டிப் போகச் சொல்லும் வரியை நான் எழுதியிருந்தேன். அதை எடுத்தது நீங்கள்; மாற்றங்களின் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறது. அதனால் பின்னால் இருந்த எந்தப் படகுக்கும் செய்தி போகவில்லை.

உங்களிடமே வந்து கேட்டேன். "விடும்மா, மீன் புடிக்கிறவங்களுக்கா இதெல்லாம் புரியப்போவுது?" என்று சிரித்தீர்கள்.

புரியும். அதே ஊர்க் கூட்டத்தை மறுபடி கூட்டி, அந்த மீனவர்கள் முன்னால் சொல்லுங்கள்: அந்த வரியை ஏன் எடுத்தீர்கள்?