வெள்ளையடித்த விரிசல்கள்

ஊரில் எத்தனையோ முட்டாள்கள் இருக்கிறார்கள். ஆனால் தன் பக்கத்துச் சாட்சியைத் தானே பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் அடித்து, தள்ளி நின்று தலையைச் சாய்த்து அழகு பார்த்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன் நான். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே பெயின்ட் ஷாப்பில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை இரும்புக்கு நிறம் பூசினேன். சுவரில் ஒரு கீறலைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபத்துத் தூணைத் தட்டிப் பார்க்கிறவன் என்று என் மனைவி சொல்வது பழி அல்ல, உண்மை. இந்த அரிப்புதான் என் சித்தியின் தெருவைக் கெடுத்தது.

சித்தி என் அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். மணப்பாறையைத் தாண்டி, ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கும் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பள்ளி விடுமுறைகளில் நான் அங்கே போன காலத்தில் கரடு இருந்தது. ஆடுகள் அதன் மேல் ஏறி நின்று எங்களை ஏளனமாகப் பார்க்கும். பிறகு குவாரி வந்தது. முதலில் கரட்டின் முதுகில் ஒரு கடி, பிறகு இடுப்பில், பிறகு அடியோடு. இன்றைக்கு அங்கே போய் கரடு எங்கே என்று கேட்டால், ஊர்க்காரர்கள் மேலே கை காட்டுவதில்லை; பள்ளத்தைக் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே கல்லை உடைத்துப் பொடியாக்கும் கிரஷர். இலை, துணி, மாட்டின் இமை, சோற்றுப் பானையின் மூடி என்று எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறம். நிறம் பூசிப் பிழைத்தவன் சொல்கிறேன், இத்தனை சீராக எந்த மெஷினாலும் பூச முடியாது.

தினமும் பிற்பகலில் சைரன் ஊதும். ஊதியதும் தெருவே ஒரு வேலையைச் செய்யும். பெண்கள் பரணிலும் அடுக்கிலும் இருக்கிற பாத்திரங்களை இறக்கித் தரையில் வைப்பார்கள். தூளியில் கிடக்கும் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். அடுப்பில் உலை இருந்தால் இறக்கிவிடுவார்கள். பிறகு எல்லோரும் வாசலுக்கு வந்து ஒன்றுமே பேசாமல் நிற்பார்கள். வெடிக்கும். தரை ஒரு முறை மூச்சை இழுத்து விடும். அப்புறம் உள்ளே போய், இறக்கினதையெல்லாம் பழையபடி ஏற்றுவார்கள். இதை நான் முதன்முதலில் பார்த்தபோது ஏதோ விரதம் என்று நினைத்தேன். "என்ன சாமிக்கு சித்தி?" என்று கேட்டுவிட்டேன். "வெடிக்கார சாமிக்கு" என்றாள், சிரிக்காமல்.

சித்தி வீட்டுச் சுவர்களில் விரிசல் இல்லாத இடத்தைத் தேட வேண்டும். அவளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஜன்னலுக்குக் கீழே ஓடுவது மூத்த மகள் மாசமாக இருந்தபோது விட்டது. மூலையில் மரம் மாதிரிக் கிளை பிரிந்திருப்பது தீபாவளிக்கு முந்தின வாரம் விட்டது. ஒன்றில் சீப்பைச் செருகி வைத்திருப்பாள், இன்னொன்றில் விபூதிப் பொட்டலம், கதவோரத்தில் இருக்கும் அகலமானதில் கரண்டு பில். "உனக்கு அலமாரிச் செலவு மிச்சம் சித்தி" என்று நான் ஜோக் அடித்திருக்கிறேன். என் நகைச்சுவை உணர்வுக்கு இதைவிட மோசமான சான்று வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்னால், குவாரிக்காரர்கள் தெருப் பக்கமாகப் புதுக் குழி வெட்ட அனுமதி கேட்டார்கள். ஊர் திரண்டு எதிர்த்தது. புதுக் குழி வந்தால் தெரு நிற்காது; அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எப்படியோ அலைந்து, ஓர் அதிகாரி நேரில் வந்து வீடுகளின் விரிசலைப் பார்ப்பார் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வாரம் சித்தி எனக்கு போன் செய்தாள்.

"தம்பி, பெரிய ஆபீசரு நம்ம வீட்டுக்குள்ள வராராம்டா. வீடு இருக்கிற லட்சணத்துல அவரை எங்க உக்கார வைக்கிறது? எனக்கு மானமே போயிரும் போலருக்கு."

கேட்கிற எவனுக்கும் அந்த இடத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்குத் தட்டியது பிரஷ்தான். அந்தப் பக்கத்துப் பழக்கம் அது: பெண் பார்க்க வந்தாலும், சம்பந்தி வந்தாலும், மதிப்பான ஓர் ஆள் வாசல் ஏறுகிறார் என்றால் வீட்டுக்கு வெள்ளை அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் வருகிறவரை அவமதித்ததாக அர்த்தம். நான் பட்டி மாவு, தகடு, உப்புத்தாள், வெள்ளைப் பெயின்ட் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, இப்போது குடியிருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறினேன். சீப்பை எடுத்து சித்தியிடம் கொடுத்தேன். விபூதிப் பொட்டலத்தை சாமி மாடத்தில் வைத்தேன். ஒவ்வொரு விரிசலையும் கீறி, தூசு ஊதி, அடைத்து, தேய்த்து வழவழப்பாக்கினேன். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏங்க, உங்க சித்தி வீடு மட்டுந்தான் வீடா? எங்க வீட்டுக்கு ஆபீசரு வந்தா தலைய குனிஞ்சுக்கிட்டா நிக்கணும்?" என்றாள். அவள் வீட்டுக்கும் பட்டி பார்த்து வெள்ளை அடித்தேன். அப்புறம் தெருவுக்கே ரோஷம் வந்துவிட்டது. ஆய்வு நாளன்று அந்தத் தெரு கல்யாணத்துக்குத் தயாரானது போல் நின்றது. கோலம் வேறு. மணப்பாறை முறுக்கு வேறு.

அன்றைக்குக் காலையிலிருந்தே குவாரியில் சத்தம் இல்லை. கிரஷர் ஓடவில்லை, டிப்பர் ஓடவில்லை. பட்சி சத்தம் கேட்டது. வழக்கமான நேரம் வந்தும் சைரன் ஊதவில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் பெண்கள் பாத்திரங்களை இறக்கி வைத்தார்கள். கை பழகிவிட்டது. அதிகாரி வந்தார். கூடவே குவாரி மேனேஜர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில். சித்தி முறுக்குத் தட்டை நீட்டினாள். அதிகாரி ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"வீட்டை நல்லா வச்சிருக்கீங்களேம்மா."

சித்தியின் முகம் மலர்ந்தது. மறு நொடியே, அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து அப்படியே வாடியது. "இல்லீங்கய்யா, இங்க பாருங்க" என்று ஜன்னலுக்குக் கீழே விரலை வைத்தாள். "இதோ இப்படி வந்து, இப்படி இறங்கி, இங்கிட்டு ரெண்டாப் பிரியும்." வெள்ளைச் சுவரின் மேல் அவள் விரல் அந்த விரிசலின் வழியே பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருந்தேன்.

மேனேஜர் சிரித்தான். "எங்க ஆபீஸ் சுவரே இவ்வளவு நல்லா இல்லீங்க சார்."

நான் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் பரபரவென்று பட்டியைச் சுரண்டினேன். விரிசல் எட்டிப் பார்த்தது. "இதோ சார்! இதோ!" என்று கத்தினேன். அதிகாரி குனிந்து பார்த்தார். அப்புறம் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"இப்ப நீங்கதானே கீறினீங்க?"

கட்டடங்கள் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக்கொண்டு போனார்கள். புதுக் குழிக்கு அனுமதி கிடைத்தது. முதல் வெடியிலேயே என் இரண்டு கோட் பெயின்ட்டையும் பிளந்துகொண்டு எல்லா விரிசலும் பழைய இடத்துக்குத் திரும்பின. அடுத்த மழைக்கு முன்னால் சமையல்கட்டுச் சுவர் விழுந்தது. சித்தி அப்போது வாசலில் நின்றிருந்தாள், சைரன் ஊதியிருந்ததால். கிணற்றில் தண்ணீர் எங்கோ இறங்கிப் போய்விட்டது. எதிர் வீட்டு அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு திருப்பூர் போய்விட்டாள்.

என்னை நானே கிண்டல் செய்துகொள்வதில் எனக்குச் சலிப்பே வராது. ஆனால் இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லும்போது அவர்கள் என் முட்டாள்தனத்துக்குச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் முட்டாள், சரி. அன்றைக்கு மட்டும் குவாரி ஏன் ஊமையாயிற்று என்று கேட்கத் தெரியாத அந்த அதிகாரி யார்? பட்டியின் ஈரவாடை மூக்கில் ஏறுகிறது, தெருவே நேற்று வெள்ளையடித்தது போல் மின்னுகிறது, கூப்பிடு தூரத்தில் ஒரு மலை காணாமல் போயிருக்கிறது. இதில் எதுவும் கண்ணில் படாதவனுக்கு என் பட்டி ஒரு சாக்கு, அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவனை மதித்தது குற்றமா? புண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஈ மொய்க்க உட்கார்ந்திருந்தால்தான் இந்த நாட்டில் ஏழை சொல்வதை நம்புவார்களா? ஸ்ரீரங்கத்தில் என் அடுக்குமாடியின் தூணைத் தொடும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. அந்தச் சல்லியும் கல்லை அரைத்த எம்-சாண்டும் எந்தக் கரட்டிலிருந்து வந்தவை என்று நான் கேட்கவில்லை, கட்டியவரும் சொல்லவில்லை. இங்கே ஒரு விரிசல் கிடையாது. மாடியில் யாராவது அம்மி நகர்த்தினால் அசோசியேஷனில் புகார் கொடுக்கிறோம், அதிர்வு தாங்கவில்லை என்று. அன்றைக்கே ஆள் வந்து பார்க்கிறார்கள்.

போன வாரம் சித்தியின் மகள் சொன்னாள்: குவாரியை இன்னும் விரிக்கப் போகிறார்களாம், இந்த முறை தெருவே எல்லைக்குள் வருகிறதாம், மறுபடியும் ஓர் அதிகாரி வந்து பார்க்கப் போகிறாராம். உடனே சித்திக்கு போன் போட்டேன். கோபத்தில் என் பேச்சு நிற்கவில்லை. வீடியோ எடுப்போம் என்றேன், வக்கீலைக் கூட்டி வருகிறேன் என்றேன், சத்தம் இல்லாத நாளில் வந்தால் வாசலிலேயே மறித்து, போய்விட்டு வெடிக்கிற நேரத்தில் வரச் சொல்வோம் என்றேன். அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது. கடைசியில் நானே, "சித்தி, நாளைக்கே கிளம்பி வரேன். என்ன கொண்டு வரட்டும், சொல்லு" என்று கேட்டேன்.

"வெறுங்கையோட வா."