படத்தில் இல்லாத சத்தம்

பேய், காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் இந்த அந்தோனிதான். மாத்தளை மலைப்பக்கம் எல்கடுவ ரோட்டில் பதினைந்து வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். எத்தனையோ தரம் பனிமூட்டத்தில் தனியாக ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு வெள்ளைப் புடவைகூட என்னைக் கை காட்டி நிறுத்தியதில்லை, நிறுத்தியிருந்தால் கூலி பேசி ஏற்றிக்கொண்டுதான் போயிருப்பேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. இது நடுராத்திரியில் நடந்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, மாதா கோயில் மண்டபத்தில், அறுபது பேருக்கு நடுவில், கையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தபோது நடந்தது. எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம், அதனால்தான் இத்தனை நாளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், ஆறு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. இடைச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது, மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் கேட்கும். நான், மனைவி பிலோமினா, ஏழு வயது மகன், மூன்று பேரும் நாலாவது காம்பராவில் இருக்கிறோம். ஐந்தாவது காம்பரா ரோஸம்மா அக்காவுடையது. அக்கா செத்து எட்டு வருஷம் ஆகிறது. தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள் என்று லயமே சொல்லும். அதைப் பிறகு சொல்கிறேன். அவளுடைய ஒரே மகள் மெர்சி அப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள், செத்த வீட்டுக்குக்கூட வர முடியவில்லை. காம்பரா அவள் பெயரில் பூட்டியே கிடந்தது, சாவி என்னிடம்.

போன வருஷம் நிரோஷன் என்று மாத்தளை டவுன் பையன் ஒருவன் வந்தான். கையில் காசில்லாமல், போனை வைத்தே ஒரு படம் எடுக்கப் போகிறேன், ஆளில்லாத லயக் காம்பரா ஒன்று வேண்டும் என்றான். சினிமா என்றதும் எனக்கும் கொஞ்சம் தலை கிறுகிறுத்துவிட்டது, பொய் சொல்லவில்லை. மெர்சிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அம்மாட காம்பரா படத்துல வருதுன்னா நல்லதுதானே மாமா, குடுங்க" என்றாள். கதவைத் திறந்து விட்டேன். நிரோஷன் உள்ளே போய் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி இருந்தது, உள்ளங்கை அளவு.

"அண்ணே, இந்தக் குழி எப்பிடி வந்துச்சு? இதுதான் படமே" என்றான்.

"எலி தோண்டுனது தம்பி" என்றேன்.

படத்தின் கதை இவ்வளவுதான். வேலை போன ஒருவன் காம்பராவுக்குள் அடைந்துகொள்கிறான். அந்தச் சுவர்க் குழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். சோறு ஆக்கி, முதல் கவளத்தைக் குழிக்குள் திணிக்கிறான். பேப்பரால் அடைக்கிறான், பிறகு நகத்தால் பிய்த்தெடுக்கிறான், பிறகு அதனோடு வாயசைத்துப் பேசுகிறான், குரல் வராது. கடைசியில் எழுந்து வெளியே போகிறான், அவன் போன பிறகும் படம் அந்தச் சுவரைக் காட்டிக்கொண்டே இருக்கும். நாற்பது நிமிடம். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, மழைச் சத்தம் மட்டும்தான்.

மண்டபத்தில் படம் காட்டுகிற நாளில் மெர்சியும் வந்திருந்தாள். குவைத் போதும் என்று திரும்பி வந்து இரண்டு வாரம்தான். முன்வரிசையில் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள், கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி. மாத்தளையில் போன் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் நானா புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் துணியைக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். முதல் இருபது நிமிடம் மழை பெய்துகொண்டே இருந்தது, எனக்குத் தூக்கம் வந்தது. இருபத்திரண்டாவது நிமிடம் இருக்கும், டொக், டொக், டொக் என்று கேட்டது. கொஞ்சம் நின்று மறுபடியும் மூன்று. புரொஜெக்டரில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் பிலோமினா என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில்தான் எனக்கு விளங்கியது. அந்தத் தட்டு எனக்குத் தெரிந்த தட்டு. பிளேன்டீ சட்டையில் கொட்டிக்கொண்டதுகூட அப்போது தெரியவில்லை.

படம் முடிந்ததும் நிரோஷன் முன்னால் வந்து எல்லோரும் மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்றான். ரிஸ்வான் நானா எழும்பினார். "மோசம்னு சொல்லல்ல மகன். ஆனா ஒரு சத்தமும் இல்லாம செவுத்தயே காட்டினா மனிசன் தூங்கிப் போவான்" என்றார். டவுனிலிருந்து வந்த டீச்சர் ஒருத்தி, இல்லை, அந்த அமைதிதான் பயமாக இருந்தது, நல்ல படம் என்றாள். அதுவரை சரி. ஆளுக்கொரு ருசி. அப்புறம் எங்கள் லயத்து முதல் காம்பரா மாரிமுத்து அண்ணன் எழும்பினார்.

"என்ன அமைதிங்கிறீங்க? அந்தத் தட்டுற சத்தம் நெஞ்சுக்குள்ளயே தட்டுன மாதிரி இருந்துச்சு. தம்பி, அத மட்டும் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்."

நிரோஷன் சிரித்தான். "எந்தச் சத்தம் அண்ணே? நான் மழைய தவிர ஒண்ணுமே போடலயே."

பிறகு மண்டபமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. கேட்டது என்று ஒரு கூட்டம், இல்லவே இல்லை என்று ஒரு கூட்டம். கேட்டவர்கள், கேட்காதவர்களுக்குக் காது டப்பா என்றார்கள். கேட்காதவர்கள், தோட்டத்து ஆட்கள் மத்தியானமே ஊற்றிவிட்டீர்களா என்றார்கள். நிரோஷனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அவன் படத்துக்காக ஆட்கள் சண்டை போடுகிறார்களே. "சரி, கேட்டவங்க கைய தூக்குங்க பாப்போம்" என்றான்.

கைகள் எழும்பின. நானும் தூக்கினேன். தூக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், தூக்கிய கை ஒவ்வொன்றும் எங்கள் லயத்துக் கை. டவுன் ஆட்களில் ஒருவரும் இல்லை, மேல் லயத்தில் ஒருவரும் இல்லை. என் மகன் என் சட்டையை இழுத்து, "எனக்கு கேக்கலயே அப்பா" என்றான். மாரிமுத்து அண்ணனின் மருமகள் கலியாணமாகி வந்து மூன்று வருஷம், அவளுக்கும் கேட்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு குறிப்பிட்ட பின்னேரம், அந்த லயத்தில் யார் யார் இருந்தார்களோ அவர்களின் கை மட்டும்தான் மேலே இருந்தது. எனக்குப் பிடிபட்ட அதே நேரம் மாரிமுத்து அண்ணனுக்கும் பிடிபட்டிருக்க வேண்டும். அவர் கை மெல்ல இறங்கியது. ஒவ்வொரு கையாக இறங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மெர்சி திரும்பிப் பார்த்தாள். "தட்டுற சத்தமா? எனக்கு ஒண்ணும் வெளங்கல. மாமா, உங்களுக்கு கேட்டுச்சா?"

என் கை இன்னும் பாதி உயரத்தில் இருந்தது. அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டேன்.

"இல்ல புள்ள. எனக்கும் ஒண்ணும் கேக்கல" என்றேன்.

பிலோமினா என்னைப் பார்த்தாள்.

இனி மறைத்து என்ன. ரோஸம்மா அக்கா தினமும் ஆறரைக்கு ஜெபமாலை சொல்வாள். அதே நேரம்தான் எங்கள் வீட்டில் சீரியல். சத்தம் கூடினால் அக்கா சிரட்டை அகப்பையின் காம்பால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாள், நாங்கள் குறைப்போம். அதுதான் பழக்கம், அதில் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாரம் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கிற முறையில் அவளுக்கும் எனக்கும் வாய்த்தகராறு, ஆட்கள் முன்னால் என்னை நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். அந்தப் பின்னேரம் நல்ல மழை. மூன்று தட்டு கேட்டது. பிறகு மறுபடியும். பிலோமினா, "என்னமோ வேற மாதிரி தட்டுதுங்க, கீழ தட்டுது, போய் எட்டிப் பாருங்களேன்" என்றாள். "ஒனக்கு வேற வேல இல்ல" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். முழுசாகக் கூட்டினேன். சீரியல் முடிந்து டிவியை அணைத்தபோது சுவர் அமைதியாக இருந்தது. "பாத்தியா, அடங்கிட்டா" என்று சொன்னேன். அந்த வார்த்தையை என் வாய்தான் சொன்னது.

மற்ற வீட்டுக்காரர்களும், அந்தோனி வீட்டு டிவிக்குத்தான் தட்டுகிறாள் என்று இருந்துவிட்டார்கள். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பெயர் கொடுக்க அக்கா வரவில்லை என்று ஆள் வந்து சொன்னதும் நானும் மாரிமுத்து அண்ணனும்தான் கதவைத் தள்ளினோம். எங்கள் வீட்டுச் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அகப்பை. சுவரில் அந்தக் குழி, அவள் கை எட்டுகிற உயரத்தில். நெஞ்சுவலி என்று பிறகு டாக்டர் சொன்னார். கூப்பிட வாய் வரவில்லை போல. இரண்டு பேரும் அவளைத் தூக்கிப் பாயில் கிடத்திப் போர்த்தினோம். அகப்பையை எடுத்து அடுப்படியில் மாட்டியது நான். குவைத்துக்குப் போன் பண்ணியதும் நான். அம்மா கூப்பிட்டுச்சா மாமா, ஏதாவது சொல்லிச்சா என்று மெர்சி அழுதுகொண்டே கேட்டாள். தூக்கத்துலேயே போயிருச்சு புள்ள, ஒரு சத்தமும் இல்ல என்றேன்.

மண்டபத்தில் அவள் மறுபடியும் கேட்டாள், நான் மறுபடியும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் இது உறைக்கிறது.

மறுநாள் நிரோஷனிடம் போனேன். அவன் லெப்டொப்பில் படத்தின் சத்தத்தைப் பிரித்துக் காட்டினான். மழை மட்டும் கோடு கோடாக ஆடியது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் மழையையும் நிறுத்தியிருக்கிறான், அங்கே வெறும் நேர்கோடு. "பாருங்க அண்ணே, ஒண்ணுமே இல்ல" என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த நேர்கோட்டிலிருந்து எனக்கு டொக், டொக், டொக் கேட்டது.

படத்தை யூடியூபில் போட்டுவிட்டான். கீழே ஆட்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நேர விரயம் என்று பாதிப் பேர், காவியம் என்று பாதிப் பேர். நடுவில் எங்கேயோ வெளிநாட்டிலிருந்து ஒருவர், அந்தத் தட்டுகிற சத்தத்தால் இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். என்ன சத்தம், பைத்தியமா என்று நாலு பேர் அவரைக் கேலி பண்ணியிருக்கிறார்கள். அவர் எந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருந்தாரோ என்று நான் யோசிப்பேன்.

எனக்கு இன்னொன்றும் அந்தப் படத்தால்தான் தெரிய வந்தது. அன்றைக்கு நான் கேட்டது ஆறேழு தட்டு மட்டும்தான், அதற்குள் டிவியைக் கூட்டிவிட்டேனே. அதற்குப் பிறகு அக்கா எவ்வளவு நேரம் தட்டினாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. படத்தில் முழுசாகக் கேட்கிறது. போகப் போக இடைவெளி கூடும், மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். போனில் நேரம் பார்த்துவிட்டேன். பதினோரு நிமிடம்.

மெர்சி இப்போது அந்தக் காம்பராவில்தான் இருக்கிறாள். வெள்ளை அடித்திருக்கிறாள், ஆனால் அம்மா காலத்துச் சுவர் அப்படியே படத்தில் இருக்கிறதே என்று தினமும் பின்னேரம் ஜெபமாலை முடித்துவிட்டுப் போனில் அந்தப் படத்தைப் போட்டு வைத்துக்கொண்டு சமைப்பாள். அவளுக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. மனசுக்கு அமைதியாக இருக்கிறதாம். அந்த நேரம் பிலோமினா எங்கள் டிவியை அணைத்துவிடுவாள். இரண்டு பேரும் அந்தப் பதினோரு நிமிடத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எழும்பிப் போய் மெர்சியிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன், படம் முடிந்துவிடும்.

போன வாரம் அவளே வாசலில் வந்து நின்றாள். "மாமா, படத்து சத்தம் ஒங்க பக்கம் கேக்குதா? எடஞ்சலா இருந்தா செவுத்துல ஒரு தட்டுத் தட்டுங்க, கொறைச்சிர்றேன்" என்றாள்.

"இல்ல புள்ள, இருக்கட்டும்" என்றேன்.

அதிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டுப் பக்கம் அந்தச் சுவரடியில் சுண்ணாம்புத் தூள் கொட்டிக் கிடக்கிறது. முழங்கால் உயரத்தில் சின்னதாக ஒரு குழி விழ ஆரம்பித்திருக்கிறது. பிலோமினா கூட்டி அள்ளுவாள். இது என்ன அப்பா என்று மகன் கேட்டான். எலி என்றேன்.