ஆறு போல்ட்

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது எதையும் மிச்சம் வைக்கவில்லை. தென்னந்தோப்பை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்தார்கள். கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்தார்கள். தோசைக்கல் இரண்டு இருந்ததால் அதில் சண்டை வரவில்லை. ஒரே மாதிரியான இரண்டு பழைய பிக்கப் வண்டிகளில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பேசி முடிக்க உட்கார்ந்த ஊர்ப் பெரியவர்களுக்கு மறந்துபோனது ஸ்டெப்னி ஒன்றுதான்.

இரண்டு வண்டிக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஸ்டெப்னி. எந்த வண்டி தூரமாகப் போகிறதோ அதில் மாட்டிவிடுவார்கள். பாகம் பிரித்த அன்று அது பெரியப்பாவின் வண்டியில் இருந்தது, அப்படியே அங்கேயே தங்கிவிட்டது. கேட்டால் பெரியப்பா கொடுத்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அப்பா கேட்கவில்லை.

ஒருநாள் தேவதானத்துக்கு அருகே அப்பாவின் வண்டி பஞ்சராகி நின்றது. அந்த வழியாகப் போன எவனோ ஒருவன், "ஒங்க அண்ணன் வண்டி வீலு இதுக்குச் சேரும்லா, ஒரு போனப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நல்ல மனதோடு சொன்னவன்தான். அப்பா பஞ்சர் ஒட்ட டயரை பஸ்ஸில் கொண்டுபோனார். அடுத்த வாரமே ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன்.

சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் ஹப்பை நான்கு பக்கமும் கழற்றிவிட்டு, ஐந்து போல்ட்டுக்குப் பதில் ஆறு போல்ட் ஹப் மாட்ட வேண்டும் என்றார் அப்பா. மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை.

"அண்ணாச்சி, அஞ்சே நல்லாத் தாங்கும். ஒங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்டெப்னி. அதுக்கு நாலு ஹப்பையும் என்னத்துக்குக் கழட்டணும்?"

"தேங்கா லோடுக்கு அஞ்சு பத்தாது. நீ மாத்து" என்றார் அப்பா.

உடைப்புக்கு வந்த வேறொரு வண்டியிலிருந்து ஹப்புகள் கிடைத்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பேரிங்கை மாற்றி, லேத்தில் கொடுத்துக் கடைந்து, பாதி விடுமுறை அதிலேயே போனது. புது ஹப்புக்கேற்ற சக்கரம் நான்குதான் கிடைத்தது. ஐந்தாவது வந்ததும் சொல்லி அனுப்புவதாக மெக்கானிக் சொன்னார். வண்டி வீட்டுக்கு வந்ததும் அம்மா சுற்றி வந்து பார்த்தாள். "ஸ்டெப்னி இல்லன்னு போயி வண்டியவே மாத்திட்டு வந்துருக்காவ. இப்பமும் ஸ்டெப்னி இல்ல" என்றாள். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. எனக்கோ ஒரே பெருமை. எங்கள் வண்டிக்கு ஆறு போல்ட் என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொன்னேன்.

அந்த ஆவணியில், பாகம் கேட்காமல் எங்களோடேயே இருந்த கடைக்குட்டிச் சித்தப்பாவுக்கு நிச்சயம். பெண் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தாத்தா இல்லாத வீட்டில் மூத்த மகன்தான் சபையில் உட்கார்ந்து தட்டு வாங்க வேண்டும். அப்பா நேரில் போய் அழைக்காமல் சித்தப்பாவையே அனுப்பினார். கல்யாண மாப்பிள்ளை தானே போய்த் தன் நிச்சயத்துக்கு அழைத்துவிட்டு வந்தார். பெரியப்பா கேட்டுக்கொண்டாராம், வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்று காலை தட்டுகளும் பெண்களும் பின்னால் ஜமுக்காளத்தில் உட்கார, வண்டி கிளம்பியது. ராஜபாளையம் தாண்டிச் சிறிது தூரத்தில் பின் டயர் வெடித்தது. ராகு காலத்துக்கு முன் தட்டு மாற்றியாக வேண்டும். பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். அப்பா ஜாக்கி வைத்து, கிழிந்த சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். மாட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை; மெக்கானிக் சொன்ன ஐந்தாவது சக்கரம் இன்னும் வந்தபாடில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது பின்னால் பெரியப்பாவின் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கினார். ஸ்டெப்னியைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சக்கரத்தைத் தூக்கி வைத்தார். ஓட்டை சேரவில்லை. கொஞ்சம் திருப்பி வைத்தார். மறுபடியும் திருப்பினார். அப்பா ரோட்டோரப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் சொல்லாததால் நானே சொன்னேன். "இப்ப எங்களுக்கு ஆறு போல்ட், பெரியப்பா. அப்பா மாத்தியாச்சு."

பெரியப்பா ஹப்பின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். எண்ணத் தெரியாதவரைப் போல மெதுவாக எண்ணினார். "ஆமாட்டி, ஆறுதான் இருக்கு" என்றார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்த் தன் வண்டியில் ஏற்றினார். "எல்லாரும் இதுல ஏறுங்க, நேரமாவுது" என்றார்.

எங்கள் வண்டியை ஜாக்கியிலேயே விட்டுவிட்டு ஏறினோம். அப்பா பின்னால் பெண்களோடு ஏறிக்கொண்டார். சித்தப்பாவும் நானும் முன்னால். சீட்டில் வாழையிலையில் பொதிந்த ரோஜா மாலை ஒன்று இருந்தது. நசுங்கிவிடக் கூடாதென்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பெண் வீட்டு வாசலில் நேரத்துக்கு இறங்கினோம். சித்தப்பா மட்டும் இறங்காமல், "அண்ணே, நீயும் வா. நீதான தட்டு வாங்கணும்" என்றார்.

"தோப்புல லோடு கெடக்குலே. நீ போ."

அப்பா கூப்பிடுவார் என்று நினைத்தோ என்னவோ, பெரியப்பா இஞ்சினை அணைக்காமல் செத்த நேரம் இருந்தார். அப்பா கடைசித் தட்டையும் இறக்கினார். பின்கதவைத் தூக்கிப் பூட்டினார். லோடு இறங்கியதும் டிரைவருக்குத் தட்டிக்காட்டுவதைப் போல, உள்ளங்கையால் அதை ஓங்கித் தட்டினார். வண்டி போய்விட்டது.

"மூத்தவுக வரலையா?" என்று பெண்ணின் அப்பா சபையில் கேட்டார். "லோடு போயிருக்காக" என்று சொல்லி அப்பாவே தட்டை வாங்கினார். நானும் அதை நம்பினேன். வண்டியில் ஒரு தேங்காய்கூட இல்லாததும், காலையில் அவர் வந்துகொண்டிருந்த வழிக்குத் தோப்பு எதிர்த்திசையில் இருந்ததும் எனக்குத் தெரியும்தான். ஆனாலும் பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

முன்னதாக வாசலில் வண்டி நின்றபோது, அந்த மாலையை நான் ஓர் இதழ்கூட உதிராமல் திரும்பச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். பெரியப்பா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பத்திரமாக வைத்ததற்கு மெச்சுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் பின்னால் தட்டு இறக்கும் இடத்துக்கு ஓடினேன். அது யாருக்கு வாங்கிய மாலை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.