மோப்ப நாய்க்கு வண்டி யார் கொடுப்பது

இதை எழுத ஆறு வருஷமாக எனக்குக் கை வரவில்லை. பேனாவை எடுத்தால் என் மனைவியின் முகம் நினைவுக்கு வரும், மூடி வைத்துவிடுவேன். ஆண்டாள் தாயார் இப்போதாவது தைரியம் தரட்டும்.

அன்று ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நானும் அவளும் மகளும் மத்தியானம் ராஜபாளையத்து வீட்டுக்குத் திரும்பினோம். பின்கதவு பெயர்ந்து கிடந்தது. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அதற்காகப் பீரோவில் வைத்திருந்த நகை ஒன்றுகூட இல்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "பீரோவ யாரும் தொடாதீக. மோப்ப நாய் வரணும். அது இன்னைக்குத் தேர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கு" என்றார். நாங்கள் கும்பிட்டு வந்த அதே தேரடியில்தான் நாயும் இருந்திருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர், "நாய்க்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு வெளியூர் நாய்க்குக் காத்துக் கெடக்கோமே மாப்ள" என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

போலீஸ்காரர் வாசலில் நின்று மாற்றி மாற்றிப் போன் பேசினார். பிறகு என்னிடம் வந்தார். "நம்ம ஜீப்பும் தேருக்குத்தான் போயிருக்கு. நாய்க்காரவிய வண்டிக்கு டீசல் பந்தோபஸ்து கணக்குல போட்டது. இங்கிட்டுக் கொண்டாந்தா எந்த ஸ்டேஷன் கணக்குல எழுதன்னு கேக்காக. நான் என்னத்தச் சொல்ல அண்ணாச்சி?" பாவம், அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

மூன்று மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் நானே வாடகைக் கார் பேசினேன். "நாயா? சீட்டு கவர் போன வாரந்தான் மாத்துனேன்" என்று டிரைவர் இழுத்தார். அதற்கும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். போலீஸ்காரரும் அந்தக் காரிலேயே போனார்.

கார் திரும்புவதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. மகள் எதிர்வீட்டில் அழுதுகொண்டு படுத்திருந்தாள். மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "திருடன் நடந்த வீட்டுல எப்படி விளக்கேத்த? மஞ்சத்தண்ணி தெளிச்சு சாம்பிராணி போடு. பீரோப் பக்கம் மட்டும் போகாத" என்றேன். எழுந்து செய்தாள்.

நாய் வந்தது. வாசற்படியிலேயே இரண்டு தும்மல். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விளக்கடியில் படுத்துக்கொண்டது.

"யாரும்மா தண்ணி தெளிச்சது?" என்று கேட்டார், நாயைக் கூட்டி வந்தவர்.

"நாந்தான்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நகை கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மகள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். "போலீசு நாயவே கெடுத்துப்புட்டா" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என் மனைவியைச் சொல்கிறார்கள். போன கார்த்திகையில் மகளே, "ஏம்மா, செத்த நேரம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள். அப்போதும் என் மனைவி என்னைக் காட்டிக்கொடுக்காமல் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஸ்டேஷனுக்கு இன்னொரு ஸ்டேஷன் உதவினால் வண்டிச் செலவு யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு யாருக்காவது தெரிந்திருந்தால் நாய் வெயில் தாழும் முன்னே வந்திருக்கும்.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள். தெளித்தது அவள். தெளிக்கச் சொன்னது நான்.