கொழுக்கட்டை அவித்த பாட்டு

என்னைப் போன்ற ஒருத்தி தன் சிறுவயதைப் பற்றி எழுத வருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வெட்கப்படுபவள். இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன் என்பது நான் குடியிருக்கும் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவிலேயே, பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால், எழுத யார் கற்றுத் தந்தது என்று கேட்டவர்களுக்கு நான் இதுவரை சொன்ன பதிலெல்லாம் பொய். உண்மையான பதில் ஒரு கொழுக்கட்டைப் பானை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம். எங்கள் சுவர் மணிக்கூடு நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. அதனால் அம்மா கொழுக்கட்டை அவியும் நேரத்தை ஒரு தேவாரப் பதிகத்தால் அளந்தார். பதினொரு பாட்டையும் அவசரப்படாமல் இழுத்துப் பாடி முடித்தால் ஒரு பானை அவிந்துவிடும். பாடுவது என் வேலை. பாட்டு நின்றதும் அம்மா மூடியைத் திறப்பார். முந்தித் திறந்தால் ஆவி போய்விடும். மா அரைகுறையாக வெந்து, எடுக்கும்போது பிய்ந்து, உள்ளே இருக்கிற பயறும் சர்க்கரையும் வெளியே வழியும்.

முந்தின வருஷம் அப்படித்தான் வழிந்தது. கோப்பாயிலிருந்து வந்திருந்த மாமி, அதாவது அப்பாவின் தமக்கை, அதைப் பார்த்துவிட்டார். பிறகு ஒரு வருஷமாக எந்தக் கல்யாண வீட்டிலும் அதுதான் கதை.

ஆடி முதல் நாள் கூழும் கொழுக்கட்டையும் செய்து கொண்டாடும் ஆடிப்பிறப்புக்கு அந்த வருஷமும் மாமி வந்தார். சைக்கிளை வேலியில் சாத்த முன்னமே தொடங்கிவிட்டார்.

“என்ன மச்சாள், இந்த முறையாவது கொழுக்கட்டையைக் கையாலை எடுக்கலாமோ, இல்லாட்டி அகப்பை வேணுமோ?”

“சாப்பிட்டுப் போட்டுச் சொல்லுங்கோ, மச்சாள்.”

மாமியின் பார்வை என் பக்கம் திரும்பியது. “உவள் இன்னும் புத்தகமும் கையுமாத்தான் திரியிறாளோ? புத்தகம் வந்து மா இடிச்சுத் தருமே?”

அம்மா சிரித்துச் சமாளித்தார். குசினி அடுப்படிக்கு வந்ததும் என் காதருகே குனிந்தார். “இண்டைக்குப் பிழைச்சுதெண்டால் இனி வாசிகசாலைப் பக்கம் நீ போகேலாது. சொல்லிப்போட்டன்.”

பிழை வரும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பதிகம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கவலை வேறு. வாசிகசாலையில் எடுத்த கதைப் புத்தகத்தை அன்று பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னும் இருபது பக்கம் இருந்தது. நான் குசினி வாசற்படியில் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்தேன். வாய் பாடியது, கண் வாசித்தது. ஆறு பாட்டு வரை ஒரு குறையும் இல்லை.

கதையில் ஒரு பெண் துறைமுகத்தில் கணவனுக்காகக் காத்திருந்தாள். நான் ஆறாவது பாட்டை முடித்த நேரம் படகு வந்து சேர்ந்தது. அதில் அவன் இல்லை.

அவனைத் தேடி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்; பாட்டு நின்றுவிட்டது. ஏழாவது பாட்டைத் தேடினேன். முதற் சொல்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அம்மா பிடிதுணியை எடுத்து மூடியை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். கொழுக்கட்டை பாதிதான் அவிந்திருக்கும். மாமி முற்றத்தில் கூழ் துழாவிக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

“மாவைக் குழைத்தனள் மாதா
மடித்தனள் பல்லுப் பதித்து
ஆவியில் அவியுது ஐயா
அரைகுறை ஆகாமல் காப்பாய்.”

ராகம் பிசகவில்லை. அம்மாவின் கை நடுவழியில் நின்றது. என்னைப் பார்த்தார், மடியில் இருந்த புத்தகத்தையும் பார்த்தார். பிறகு பிடிதுணியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புக்குள் இன்னொரு தேங்காய்ப் பொச்சுமட்டையைத் தள்ளினார்.

எட்டாவது பாட்டில் பயறு வறுத்தேன். ஒன்பதாவதில் தேங்காய் துருவினேன். பத்தாவதில், இந்த வீட்டில் எவரும் அகப்பை கேளாதபடி அருளவேண்டும் என்று சுவாமியிடம் விண்ணப்பித்தேன். அந்த இடத்தில் முற்றத்தில் கூழ் துழாவும் சத்தம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. பதினோராவது பாட்டில் பாடியவளுக்கும் கேட்டவர்களுக்கும் நன்மை சொல்லி முடித்தேன்.

அம்மா மூடியைத் திறந்தார். ஒன்றுகூடப் பிய்ந்திருக்கவில்லை. இருபத்துநாலும், விளிம்பில் விரலால் அழுத்திய பல்லு வரிசை மாறாமல், பளபளவென்று கிடந்தன.

மாமி இரண்டு விரலால் ஒன்றைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடித்தார். அடுத்ததையும் எடுத்தார். மூன்றாவதைத் தின்னும்போது என்னைக் கேட்டார்.

“உந்த ஏழாவது பாட்டு எந்தக் கோயிலிலை பாடினது?”

நான் நிலத்தைப் பார்த்தேன். மாமி கோயிலில் தேவாரம் பாடுகிறவர். அவருக்குத் தெரியாத பாட்டா?

அம்மாதான் சொன்னார். “அது எங்கடை குசினியிலை பாடினது, மச்சாள்.”

அம்மா மாமிக்கு அப்படி நிமிர்ந்து பதில் சொன்னதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமி சிரிக்கவில்லை. கையைத் துடைத்தார்.

“கொப்பியைக் கொண்டு வா. அஞ்சையும் எழுதித் தா. அந்த அகப்பையையும் விடக்கூடாது.”

சுவாமி பாட்டில் கொழுக்கட்டையைப் புகுத்தியதற்கு அத்தாட்சி சேர்க்கிறார் என்றே நம்பினேன். அழுதபடி எழுதினேன்; ஒரு சொல்லையும் மாற்றத் துணிவில்லை. மாமி அந்தத் தாளை மடித்துத் தன் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்தார்.

“இதை அப்பாவுக்குக் காட்டப் போறியளோ, மாமி?”

“கொப்பனுக்கு உது விளங்குமே? எங்கடை வீட்டிலையும் கொழுக்கட்டை அவியுறதுதானே. இனி இதைத்தான் பாடப்போறன்.”

அது அப்பா தரக்கூடிய தண்டனையை விடப் பெரிய தண்டனையாக எனக்குப் பட்டது. கோப்பாய் முழுக்க என் குற்றத்தைப் பாடப் போகிறார் என்று பாயில் விழுந்து அழுதேன்.

என் நாவல்களைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட, தன் அடுப்படியில் வைத்துக்கொள்ள எழுதித் தா என்று கேட்டதில்லை. இன்றைக்கும் ஒரு அத்தியாயம் நடுவில் நின்றுபோனால், யாரோ மூடியை நோக்கிக் கையை நீட்டுவதுபோல இருக்கும்; உடனே ஏதாவது எழுதிவிடுவேன். எழுதுகிறவளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை அன்று என் முன்னால் நின்று மூன்று கொழுக்கட்டை தின்றது. பத்து வயதில் நான் அதற்குப் பயந்து அழுதேன்.

அந்த ஆடிப்பிறப்புக்கு அடுத்த நாள் காற்றுக்கு எங்கள் வேலியின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. அப்பாவும் நானும் அதை நிமிர்த்திக் கட்டினோம். மாமி சொன்னபடியே, அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை.